ஆஸ்மஸ் சுட்ட ஏழு பலகாரம்

ஆபென்ரா துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஆஸ்மஸுக்கு ஒரே ஒரு லட்சியம்தான். இந்த டிசம்பரிலாவது அடுப்படிப் பக்கம் போகாமல், படகில் உட்கார்ந்து மீன் பிடிக்க வேண்டும். மனைவி டோர்தே விட்டால்தானே! கிறிஸ்துமஸ் வந்தால் மாதம் முழுக்க அவரைப் பாத்திரம் தேய்க்கச் சொல்லி அங்கேயே கட்டிப் போட்டுவிடுவாள்.

"பலகாரம் சுடறது என்ன பெரிய வித்தையா?" என்று ஒருநாள் வாயை விட்டார்.

"அப்படியா? ஞாயித்துக்கிழமை பக்கத்து வீட்டுக்காரங்க காபிக்கு வர்றாங்க. நம்ம பக்கத்து வழக்கப்படி மெத்துன்னு ஏழு வகை, மொறுமொறுன்னு ஏழு வகை வைக்கணும். மொறுமொறு ஏழும் நீங்களே சுடுங்க. ஒருத்தரும் குறை சொல்லலேன்னா டிசம்பர் பூரா உங்களுக்கு லீவு."

"சொன்னா?"

"ஆயுசுக்கும் நீங்கதான் சுடணும்."

சனிக்கிழமை காலையிலேயே டோர்தே தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கார் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், ஆஸ்மஸ் சைக்கிளில் அடுத்த ஊர் ரொட்டிக்கடைக்குப் பறந்தார். ஏழு வகையும் வாங்கி வந்து வீட்டு டப்பாக்களில் அடைத்தார். நெற்றியில் கொஞ்சம் மாவு பூசிக்கொண்டார். நாலு முட்டையை உடைத்து, ஓடுகளைக் குப்பைக்கூடையில் கண்ணில் படும்படி போட்டார். முட்டையை என்ன செய்வது? பச்சையாகவே குடித்தார். லட்சியம் என்று வந்துவிட்டால் மனிதன் எதைத்தான் குடிக்க மாட்டான்!

ஞாயிறு மதியம் பெண்கள் வெனிலா வளையத்தைக் கடித்துவிட்டுச் சொக்கிப் போனார்கள். ஆஸ்மஸ் மனசுக்குள் தூண்டில் போட்டு இரண்டு மீனே பிடித்துவிட்டார். அப்போது எதிர்வீட்டு பொடில், பாதாம் பதித்த பழுப்பு பிஸ்கட் ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"பிரமாதம் அண்ணே! இதுக்கு மாவு எப்ப பிசைஞ்சீங்க?"

"நேத்து காலைலதான். பத்து மணி இருக்கும்."

மேஜையில் காபி உறிஞ்சும் சத்தம் நின்றது. பழுப்பு பிஸ்கட்டுக்குப் பாகு காய்ச்சிப் பிசைந்த மாவு, குளிர்ந்த அறையில் இரண்டு வாரமாவது ஊற வேண்டும். அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். ஆஸ்மஸ் அறுபத்தைந்து வருடமாக அதைத் தின்கிறவர். ஆனால் அவருடைய அறிவு, பிஸ்கட் அடுப்பை விட்டு வெளியே வந்த பிறகுதான் தொடங்கும்.

"நேத்தா?" என்றாள் பொடில்.

"நேத்து சுட்டதைச் சொல்றார்டீ" என்று டோர்தே குறுக்கே வந்தாள். "பிசைஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு. இல்லீங்களா?"

"ஆமாமா! ரெண்டு வாரம்!" ஆஸ்மஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவளல்லவா மனைவி!

"கீழறையில இன்னும் ரெண்டு வாளி மாவு வச்சிருக்கார்."

"வச்சிருக்கேனே!"

"சர்ச் கிறிஸ்துமஸ் பலகார விற்பனைக்கு இந்த வருஷம் மொத்தமும் தானே சுட்டுத் தர்றதா ஒரே பிடிவாதம்!"

"பிடிவா..."

அதற்குள் எல்லாரும் கை தட்டிவிட்டார்கள். பொடிலுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

விருந்தாளிகள் போனதும் ஆஸ்மஸ் மெல்ல இழுத்தார். "அடியே, யாரும் குறை சொல்லலையே. என் லீவு?"

"தாராளமா போங்க. மாவு தீர்ந்த அன்னிக்கே படகை எடுங்க."

"ரெண்டு வாளிதானே? ஒரே வாரத்துல தீர்த்துடறேன் பாரு!"

"மூணாவது வாளியை நேத்துதான் அக்கா வீட்ல பிசைஞ்சு வச்சேன். அது ஊறவே ரெண்டு வாரம் ஆகும்ங்க."