மழையைப் பகைத்த ஜெல்லி சார்

திருவனந்தபுரத்தில் மழையை ஜெல்லி சார் அளவுக்குச் சொந்தப் பகையாளியாகப் பார்த்தவர் வேறு யாரும் கிடையாது. நாங்கள் வேலை பார்த்த ஒப்பந்த நிறுவனத்தில், எந்தத் தெருவுக்கு எந்த டெலிபோன் கேபிள் என்று முடிவு செய்கிறவர் அவர். நாகர்கோவில்காரர். மண்ணுக்குள் போவதென்றால், உள்ளே ஜெல்லி நிரப்பிய கேபிள்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பார். பெயர் அப்படி வந்தது.

கரமனை ஆற்றோரம் மண்ணில் பதிக்கிற வேலைக்கு, ஸ்டோர் மானேஜர் கம்பத்தில் கட்டுகிற கேபிளை அனுப்பிவிட்டார். சார் அதை வண்டியிலிருந்து இறக்கவே விடவில்லை.

"ரெண்டும் கறுப்புதானே சாரே?" என்றார் மானேஜர் போனில்.

"யானையும் எருமையும் கறுப்புதான் வே. யானைப் பாலுல சாயா போடுவீரா? ஊசிமுனை ஓட்டை போதும், தண்ணி உள்ள கேறி தெரு நீளத்துக்கு நடக்கும். ஜெல்லி இருந்தா அங்கனயே நிக்கும்."

தண்ணீர் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று பார்க்க, கீறிய கேபிள் துண்டுகளைச் சாப்பாட்டு அறையில் ஒரு வாளித் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தார். யாரோ அதில் மீன்கறிக் கையைக் கழுவிவிட, அந்த வாரம் முழுக்க எங்களோடு பேசவில்லை.

மழை தொடங்கினால் அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா போனில் கூப்பிடுவார். "இங்க பெய்யுது. போய் உங்க கேபிளுக்குக் குடை பிடியுங்க." சார் முகம் சிவக்கச் சிரிப்பார்.

போன ஜூன் மாதம் ஸ்டெல்லா அக்கா மாரடைப்பில் போய்விட்டார். அடக்கத்தன்று நல்ல மழை. கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. பெட்டியை இறக்கப் போகும்போது சார் குறுக்கே வந்து நின்றார்.

"வேண்டாம். உள்ள தண்ணி கிடக்கு."

"மழக்காலமல்லே சாரே. எறச்சாலும் ஊறும்," என்றார் குழி வெட்டியவர்.

"ஊறட்டும். அவள இறக்கும்போ தண்ணி இருக்கப்பிடாது."

யாரும் சிரிக்கவில்லை. ஸ்டோர் மானேஜர் போய், சாலைக் குழிகளில் தண்ணீர் இறைக்கிற எங்கள் பம்பை வண்டியில் கொண்டுவந்தார். பாதிரியார் குடைக்கடியில் காத்திருந்தார். அடிமண் தெரிந்ததும் சார் குனிந்து பார்த்துத் தலையசைத்தார். பெட்டியை இறக்கினோம். மண் போடும்போதே ஓரத்தில் மறுபடி கசிந்ததை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

சாரை வீட்டில் கொண்டு விட்டேன்.

"நல்லா நனஞ்சிட்டீரு. தலையத் துவட்டும்," என்று கொடியில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

"இது அவளுக்கதாக்கும்," என்று அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அது அப்படியே இருக்கட்டும் சார். தல தானே காஞ்சிரும்," என்று சொல்லி, தலை சொட்டச் சொட்ட அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.