கொட்டாரம் கிளைக்கு மூணு தரம்

மஸ்கட்டின் வெயிலும் வேலையும் உன்னை வாட்டாதிருக்க நாங்கள் தினமும் ஜெபத்தில் நினைக்கும் அன்பு மச்சான் யூஜினுக்கு, அருமனையிலிருந்து உன் அக்காள் புருஷன் ஆபேல் எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் சுகம். நான் மட்டும் கூடுதல் சுகம். கல்யாணமான நாள் முதல் இன்றைக்குத்தான் உன் அக்காள் குளோரியை ஜெயித்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் போடுகிற அளவுக்குச் சின்ன வெற்றி இல்லை, அதனால்தான் பேப்பரை எடுத்தேன்.

கொட்டாரத்தில் பூட்டிக் கிடக்கும் உன் கடையை நம்ம பேக்கரிக்குக் கிளையாகத் தருவதா, வேறு ஆளுக்கு வாடகைக்கு விடுவதா என்று கேட்டிருந்தாய். எனக்குக் கிளைதான் வேண்டும். குளோரிக்கோ இருக்கிற கடையிலேயே கல்யாண கேக் ஆர்டர் பிடித்தால் போதும். பேச்சு முற்றி, சம்பந்தமே இல்லாமல் என் அம்மா வரைக்கும் போனதும், எம்.பி.ஏ. படிக்கிற நம்ம மகள் ரெனிஷா, "சண்டை எதுக்குப்பா? மேட்ரிக்ஸ் போடுவோம்" என்றாள். விஷயம் எளிதுதான் மச்சான். வியாபாரத்துக்கு முக்கியமான காரியங்களை வரிசையாக எழுதி, எது எவ்வளவு முக்கியமோ அதற்கேற்ற வெயிட் கொடுக்க வேண்டும். எல்லாம் கூடினால் ஒன்று வர வேண்டும். பிறகு என் திட்டத்துக்கும் அவள் திட்டத்துக்கும் நாலுக்கு எத்தனை என்று மார்க் போட்டு, வெயிட்டால் பெருக்கிக் கூட்டினால் எது பெரிதோ அதற்கே ஜெயம்.

வெயிட் கொடுப்பதில்தான் அடிபிடி. அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது: சபையில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த பலாச்சக்கையை ஏலம் விடுகிற மாதிரி வெயிட்டை ஏலம் விட்டால் என்ன? ரெனிஷா சப்பாத்திக் கட்டையை எடுத்துக்கொண்டு நின்றாள். முதல் காரியம், கொட்டாரம் வழியாகச் சூரிய உதயம் பார்க்கப் போகிற டூரிஸ்ட் கூட்டத்துக்கு விடியுமுன் கடை திறப்பது. குளோரி "பாயிண்ட் ரெண்டு" என்றாள். நான் விடுவேனா, "மூணு!" என்றேன். அவள் நாலு என்க, எனக்கு ரத்தம் சூடேறி எழுந்து நின்றே "ஆறு!" என்று கத்த, "நமக்கு ஆகாதுப்பா, நீங்களே வச்சிக்கிடுங்க" என்று குளோரி ஒதுங்கிவிட்டாள். கட்டை விழுந்தது, மூணு தரம்! மீதி பாயிண்ட் நாலு முழுக்க ரெண்டாவது காரியமான கேக் லாபத்துக்கு. விடியற்காலையில் எனக்கு நாலு மார்க், அவளுக்கு ஒண்ணு. லாபத்தில் அப்படியே தலைகீழ். கூட்டிப் பார்த்தால் எனக்கு ரெண்டு பாயிண்ட் எட்டு, அவளுக்கு வெறும் ரெண்டு பாயிண்ட் ரெண்டு! நெஞ்சு விரிஞ்சு போச்சு மக்கா. வாடகைக்குக் கேட்கிறவனிடம் கையை விரித்துவிடு. சாவியை உடனே அனுப்பு. போர்டில் என் பெயரை மட்டும் பெரிதாக எழுதிக்கொள்கிறேன்.

உன்னையும் ஜெமியையும் பிள்ளைகளையும் கடலுக்கு அப்புறத்திலும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்திருக்கட்டும்.

வெற்றி பெற்ற அத்தான்,
ஆபேல்

பி.கு. (மறுநாள்): நேற்று கவரை ஒட்டுமுன் குளோரி வாசித்துவிட்டாள். "நல்லாத்தான் எழுதியிருக்கிய. ஆனா ஏலத்துல கூவி எடுத்தவரு தானே சக்கைய வீட்டுக்குச் சுமக்கணும்? விடியக்காலத்த நீங்கதான் எடுத்திருக்கிய. ரெண்டு மணிக்கு பைக்க எடுத்தாத்தான் கொட்டாரத்துல அடுப்பு மூட்ட முடியும்" என்றாள். சபை வழக்கமும் அதுதான். இன்றைக்கு ஒரு நாள் ரெண்டு மணிக்கு எழுந்து பார்த்தேன். மச்சான், கேக் அருமையான வியாபாரம். அந்த வாடகைக்காரனை எப்படியாவது பிடித்து வை.