மறுப்பு மரியாதைச் சுற்றறிக்கை

எங்கள் தாலுகா அலுவலகத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி சேலத்துக்காரர். நல்ல மனிதர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்குச் சமாளிக்கத் தெரியும். வந்த வாரமே அவரைப் 'பண்பாட்டு வேறுபாடுகளைப் புரிந்து உரையாடுதல்' என்ற பயிற்சிக்கு அனுப்பினார்கள். கன்னியாகுமரியில், கடல் தெரியும் ஓட்டலில், இரண்டு நாள். பயிற்சி முடித்தவர் உள்ளூர்ப் பழக்கம் ஒன்றைக் கண்டறிந்து, ஒரு மாதத்துக்குள் நிர்வாகத்தில் புகுத்தி அறிக்கை அனுப்ப வேண்டுமாம்.

அந்தப் பழக்கம் அவருக்குக் கிடைத்தது என்னால்தான். சுசீந்திரத்தில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் அவர். பிரதமன் பாயசம் வந்தபோது இலைக்கு மேல் கையை விரித்து, "வேண்டாம்" என்றேன். பரிமாறியவர் மறுபடி கேட்டார். மறுபடியும் வேண்டாம் என்றேன். மூன்றாம் தடவை அவர் கேட்கவே இல்லை. விரல் இடுக்கில் ஊற்றிவிட்டார். பப்படத்தை நொறுக்கிப் போட்டு வழித்துச் சாப்பிட்டேன்.

"கிருஷ்ணமணி, வேண்டாம்னு சொன்னீங்களே?"

"ரெண்டு தடவை சொல்லணும் சார், அது ஒரு மரியாதை. உடனே வாங்கினா ஆளு சோத்துக்கு அலையுத பறக்காவெட்டின்னு நினைப்பாவ."

அவர் கை கழுவாமலே குறிப்பேட்டை எடுத்தார்.

திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது: "இம்மாவட்ட மக்களின் பண்பாட்டு உணர்வுகளை மதிக்கும் பொருட்டு, எந்த விண்ணப்பமும் முதல் இருமுறை கனிவுடன் மறுக்கப்பட்டு, மூன்றாம் முறை மட்டுமே ஏற்கப்படும்."

முதலில் மாட்டியவர் தாணம்மாள். புறம்போக்கில் நின்ற அயனி மரம் ஒன்று அவர் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. வெட்ட அனுமதி வேண்டும்.

"பேறுகாலத்துக்கு மக வந்திருக்கா சார். ஒரு காத்து அடிச்சா மரம் வீட்டு மேலதான் விழும்."

அதிகாரி எழுந்து கைகூப்பினார். "முடியாதும்மா."

"ஏன் சார்?"

"உடனே கொடுத்தா உங்களைப் பறக்காவெட்டின்னு நினைச்ச மாதிரி ஆயிடும்."

அடுத்த வாரமும் கைகூப்பினார். அந்தத் தடவை சாயாவும் வாங்கிக் கொடுத்தார். தாணம்மாள் என் மேசைக்கு வந்தார். "மக்கா, நீ இந்த ஊருக்காரன்தானே. ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

சொல்லியிருக்கலாம். ஆனால் மேலிடத்துக்குப் போன அறிக்கையில் 'பண்பாட்டு ஆலோசகர்' என்று என் பெயர் அச்சாகியிருந்தது. "அடுத்த வாரம் வாங்கம்மா, கண்டிப்பா கிடைக்கும்" என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது.

மூன்றாம் வாரம் அவர் உள்ளே வந்ததும் அலுவலகமே எழுந்து நின்றது. அதிகாரி அனுமதிக் கடிதத்தை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"வேண்டாம் சார். நேத்து மரம் விழுந்தாச்சு. மகளுக்கு ஒண்ணும் இல்ல. கூரை போச்சு."

அதிகாரி எங்களைப் பார்த்துப் பூரித்தார். "பாத்தீங்களா? முதல் மறுப்பு!" மறுபடி நீட்டினார்.

"வேண்டாம்னு சொல்லுதேன்லா சார்!"

"ரெண்டாவது!"

மூன்றாம் முறை கையைப் பிடித்துத் திணித்தார். நாங்கள் கைதட்டினோம்.

தாணம்மாள் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டார். "வீடு முழுக்க ஒழுகுது சார். ஒரு தார்ப்பாயாவது தருவியளா?"

அதிகாரி கைகூப்பினார். "முடியாதும்மா."

அவர் போய்விட்டார். இரண்டு வாரம் காத்திருந்தோம், வரவில்லை. அதிகாரி கோப்பில் எழுதினார்: "விண்ணப்பதாரர் மீண்டும் வந்து கேட்காததால், அவருக்குத் தார்ப்பாய் உண்மையில் தேவையில்லை எனக் கருதி, கோப்பு முடிக்கப்படுகிறது."

உள்ளூர்ப் பண்பாடு அறிந்தவன் என்ற முறையில், கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.