அறுபது பாகைச் சூட்டில் ஒரு சம்பந்தம்

பானைத் தண்ணீரில் இறைச்சிப் பை மிதந்தது. ஜெமீல் அகப்பையால் அமத்தினார். அமத்திப் பிடிக்கும்வரை தாழ்ந்திருந்தது. கையை எடுத்ததும் மேலே வந்தது.

"உள்ளுக்குள்ள காத்து இருக்கு," என்றாள் மனைவி ஜொஹறா. முறிந்த வலது கையைக் கட்டோடு கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு குசினி வாசலில் கதிரையில் இருந்தாள்.

மகள் முஃப்லிஹாவுக்கு இது மூன்றாவது சம்பந்தம். முந்திய இரண்டும் தேத்தண்ணியோடு முறிந்தவை. முடிவு சொல்ல மாப்பிள்ளை வீட்டார் வவுனியாவிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். சமைக்க ஜொஹறாவுக்குக் கை இல்லை.

"சப்ராஸ் அனுப்பின சாமான் இருக்கே! கையே தேவையில்ல," என்று ஜெமீல் விடியவே தொடங்கிவிட்டார். தோஹாவில் ஹோட்டல் குசினியில் வேலை செய்யும் மகன் அனுப்பிய மின்சாரத் தடி அது. தண்ணீரில் நிறுத்தினால் அறுபது பாகைச் சூட்டை அப்படியே பிடித்து வைத்திருக்கும். இறைச்சியை மசாலாவோடு பையில் அடைத்து உள்ளே விட்டால் ஏழு மணித்தியாலத்தில் பஞ்சாக வெந்துவிடுமாம்.

பை தாழ வேண்டுமே! ஜெமீல் தன் இரும்புக் கடைக்கு ஓடிப்போய் மூன்று பெரிய நட்டு கொண்டுவந்தார். கழுவி, இறைச்சி அடைத்த மூன்று பைகளுக்குள்ளும் ஒவ்வொன்றாகப் போட்டார். தாழ்ந்தன.

அரை மணித்தியாலத்தில் தண்ணீர் மஞ்சளானது. நட்டின் விளிம்பு ஒரு பையைக் கிழித்திருந்தது. மசாலா தடிக்குள் புகுந்து, அது கீ கீ என்று கத்தியது. தடியைக் கழுவி, பையை மாற்றி, தண்ணீரை மாற்றி, மறுபடி தொடங்கினார்.

பத்து மணிக்குக் கறண்ட் போயிற்று.

"அடுப்புல வைப்பம்," என்று விறகை மூட்டினார். சூடு பார்க்கத் தண்ணீருக்குள் விரலை விட்டார். "அல்லாஹ்வே!"

"எத்தனை பாகை?" என்று ஜொஹறா கேட்டாள்.

ஜெமீல் ஐஸ்கட்டி கொட்டினார். தண்ணீர் ஒரேயடியாக ஆறிவிட்டது. விறகைத் தள்ளினார். இந்த முறை ஒரு பை பானையின் அடியில் ஒட்டி உருகியது.

மிஞ்சிய இரண்டையும் பன்னிரண்டரைக்கு வெட்டிப் பார்த்தார்கள். வெளியே சாம்பல் நிறம், உள்ளே சிவப்பு.

"வாப்பா, இது இன்னும் சாகல்ல போல," என்றாள் முஃப்லிஹா.

எண்ணெயைக் கொதிக்க வைத்து இறைச்சியைப் போட்டார். வெளியே கரியானது. உள்ளே அதே சிவப்பு. வீடெல்லாம் புகை. அந்தப் புகைக்குள்தான் மாப்பிள்ளை வீட்டாரின் வான் ஹோர்ன் கேட்டது.

வந்தவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா ஒரு துண்டை இடது கடைவாயிலிருந்து வலதுக்கு மாற்றினார், பிறகு இடதுக்கே கொண்டுவந்தார். மாப்பிள்ளையின் உம்மா இறைச்சிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆர் சமைச்சது?"

ஜெமீல் வாயைத் திறந்தார். அதற்குள் முஃப்லிஹா முந்திக்கொண்டாள். "நான்தான் மாமி."

 தகப்பனின் மானத்தைக் காக்கப் பிள்ளை தன் வாழ்வைத் தூக்கிக் கொடுத்துவிட்டதே! ஜெமீல் எழுந்து பின்பக்கம் போனார். கிணற்றடியில் நின்று முகத்தைக் கழுவினார். மூன்று தரம் கழுவியும் கண் எரிந்தது. புகைதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். இனி நாலாவது சம்பந்தத்துக்கு எங்கே போவது?

திரும்பி வந்தபோது மாப்பிள்ளையின் உம்மா முஃப்லிஹாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பெருநாள் முடிய நிக்காஹ்வ வைப்பம், நானா," என்று ஜெமீலை அண்ணன் முறை வைத்துச் சொன்னார் மாப்பிள்ளையின் வாப்பா, இன்னும் மென்றுகொண்டே.

ஜெமீல் ஜொஹறாவைப் பார்த்தார். ஜொஹறா இறைச்சிக் கோப்பையைப் பார்த்தாள். இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் போய் வானுக்குள் ஏறினார்கள். மாப்பிள்ளையின் உம்மா மறந்துவிட்ட கைப்பையை எடுக்க வான் சாரதி சின்னராசா மட்டும் திரும்பி வந்தார். ஜெமீல் அவரை வாசல் படலையில் மறித்தார்.

"தம்பி, உண்மையச் சொல்லுங்க. இதச் சாப்பிட்ட பிறகுமா சம்மதிச்சாங்க?"

சின்னராசா வானைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"வேண்டாமெண்டு சொல்லத்தான் வந்தவை, முதலாளி. 'எனக்கு ஒரு கறி வைக்கத் தெரியாது, கெட்டிக்கார மருமகள் வந்தா என்னை மதிப்பாளோ' எண்டு அந்த அம்மா வழி முழுக்க அழுதவா. இப்ப வானுக்குள்ள இருந்து சிரிக்கிறா, 'என்னைவிட மோசமாச் சமைக்கிற பிள்ளை ஒண்டு கிடைச்சிட்டுது' எண்டு!"