குறட்டைக்குக் கடல் வைத்தியம்

"வாயில குழாய வச்சுப் படுக்க வைக்கறாங்களே, அதுக்குப் பேர் கொடுக்கறது இங்கதானே?"

பாட்டு டீச்சர் கேட்டது கப்பலின் ஐந்தாம் தளம் முழுக்கக் கேட்டது. கத்துகிற வகுப்பை ஒரே 'சா'வில் அடக்கிய தொண்டை அது. அவருக்குப் பின்னால், ஒளிய ஒரு தூண் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டு நின்றார் அவர் கணவர், மாவு மில்காரர்.

கவுன்ட்டர் பெண் சிரித்தாள். "ஸ்நார்க்லிங்கா மேடம்?"

"அதேதான். இவருக்கு."

தண்ணீரில் குப்புற மிதந்து, ஒரு குழாயைக் கவ்விக்கொண்டு மூச்சு விட்டபடி மீன்களை வேடிக்கை பார்ப்பதற்குத்தான் ஸ்நார்க்லிங் என்று பெயர். டீச்சருக்கு அது தெரியாது. ஸ்நோரிங் என்றால் குறட்டை என்பது தெரியும். ஆகவே ஸ்நார்க்லிங் என்றால் அதை நிறுத்துவது என்று அவரே முடிவு கட்டிவிட்டார். கப்பலில் ஒட்டியிருந்த விளம்பரப் படத்தில் ஒருவர் குழாயும் வாயுமாக, செத்தவர் மாதிரி நிம்மதியாகக் கிடந்தார். குழாய் வைத்து மூச்சு விட்டால் குறட்டை நிற்கும் என்று ஊரில் டாக்டர்கூடச் சொல்லியிருந்தார். இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

கதை கல்யாணமான புதிதில் தொடங்கியது. ஒரு ராத்திரி, மரம் அறுக்கிற மாதிரி சத்தம் கேட்டு டீச்சர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். பக்கத்தில் மில்காரர் கிடந்தார். அன்றைக்கே தீர்ப்பு வந்துவிட்டது. டீச்சருக்கு அறை, மில்காரருக்கு ஹால் சோபா. அவரும் எதிர்வாதம் செய்யவில்லை. மெஷின் ஓடும்போதே மாவு மூட்டைமேல் தலைவைத்துத் தூங்குகிறவர், அதே மெஷினுக்குப் பாதிக் காதைத் தானம் கொடுத்தவர். தான் என்ன சத்தம் போட்டோம் என்பது அவருக்கு எங்கே தெரியும்? டீச்சரின் காதோ, சுருதி நூலிழை விலகினாலும் பிடித்துவிடும். அந்தக் காது சொன்னால் சரிதான். முப்பது வருஷமாகச் சோபாவில் காலை மடக்கிப் படுத்து, மில்காரரின் முழங்காலே ஒரு தினுசாக வளைந்துவிட்டது.

இப்போது மகள் இரண்டு பேரையும் கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தாள். ஒரே அறை, ஒரே கட்டில்.

கப்பலா அது! ஒரு ஊரைப் பெயர்த்து எடுத்து, அடியில் தகடு அடித்துக் கடலில் விட்டிருந்தார்கள். ஏறியதிலிருந்து மில்காரர் திறந்த வாயை மூடவில்லை. கடல்மேல் கப்பல், கப்பல்மேல் நீச்சல் குளம். அந்தக் குளத்தில் ஒரு படகு விட்டால் அது கடலில் போகிறதா, கப்பலில் போகிறதா என்று அரை நாள் யோசித்தார். விடை கிடைக்கவில்லை. கிடைக்காததே அவருக்குப் பரம சந்தோஷமாக இருந்தது.

ராத்திரிதான் பிரச்சினை. வம்பே வேண்டாமென்று அவர் பால்கனி நாற்காலியில் படுத்துக்கொண்டார். காலையில் பக்கத்து அறைக்காரர்கள் அறைப் பணியாளரிடம் புகார் சொல்லிவிட்டார்கள். அதற்கு டீச்சர்தான் மன்னிப்புக் கேட்டார்.

"பால்கனியில படுத்தே பக்கத்து ரூம் வரைக்கும் கேக்குதுன்னா, நீங்க சாதாரண ஆளே இல்லீங்க. இந்த வைத்தியத்தப் பண்ணிக்கங்க. சரியாச்சுன்னா, வீட்டுக்குப் போனதும் ரூம்லயே படுத்துக்கலாம்."

ரூமிலேயே! அந்தக் கட்டிலில் ஒரு காலை நீட்ட இடம் கிடைத்தால்கூடப் போதும், மில்காரர் கடலையே குடிக்கத் தயார்.

அப்படித்தான் கவுன்ட்டருக்கு வந்திருந்தார்கள்.

"நாளைக்குத் துறைமுகத்துல மூணு விதமா இருக்கு மேடம்," என்றாள் அந்தப் பெண். "கரையோரமாப் பண்றது புதுசா வர்றவங்களுக்கு. படகுல போயி பவளப்பாறைமேல பண்றது நடுத்தரம். மூணாவது, பாறை விளிம்புல. அங்க அடியே தெரியாது. நல்லாப் பழக்கம் உள்ளவங்கள மட்டும்தான் கூட்டிட்டுப் போவோம்."

"கடல்லயே வச்சுப் பாக்கறாங்களாம்," என்று டீச்சர் கணவரிடம் சொன்னார். "உப்புத்தண்ணி தொண்டைக்கு நல்லதுதானே."

"சாருக்கு எவ்வளவு நாளாப் பழக்கம்?"

"முப்பது வருஷமா."

பெண்ணின் பேனா நின்றது. "வாரத்துக்கு எத்தனை தடவை?"

"வாரமா? தினம் ராத்திரி!"

"ராத்திரியிலயா? இருட்டுலயா?"

"வெளக்கப் போட்டா மட்டும் நின்னுடுமா என்ன? சில நாள் மத்தியானமும் உண்டு."

"ஒரு தடவை ஆரம்பிச்சா எவ்வளவு நேரம் தாங்குவார்?"

"விடியற வரைக்கும்."

"நடுவுல தலையத் தூக்கவே மாட்டாரா?"

"இடி விழுந்தாலும் தூக்க மாட்டார். உலுக்கிப் பாத்திருக்கேன். ஒரு புரளு புரள்வார், அவ்வளவுதான். இவங்க அப்பாவும் இதுல பெரிய ஆளாம். தெருவே கூடி நின்னு பாக்குமாம்."

கவுன்ட்டர் பெண் எழுந்து நின்றுவிட்டாள். மூன்றாவதில் பேர் விழுந்தது.

டீச்சர் அப்பால் போனதும் மில்காரர் கவுன்ட்டருக்குத் திரும்பி வந்தார்.

"இந்தாம்மா, எனக்கு அவ்வளவெல்லாம் முத்தல. வீட்டுக்காரி கொஞ்சம் கூட்டிச் சொல்றா. முதலாவதே போதும்."

"பெரிய ஆளுங்க எல்லாம் இப்படித்தான் சார் அடக்கமாப் பேசுவாங்க."

"அடக்கமில்லம்மா. நானா எதுவும் செய்யறதே இல்ல. படுத்தா, தானா வருது."

அவளுக்குப் புல்லரித்துவிட்டது.

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் விஷயம் கப்பல் முழுக்கப் பரவிவிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"முப்பது வருஷமா ராத்திரியிலயே பண்றீங்களாமே? அந்த நேரத்துல எப்படி இருக்கும் சார்?"

"யாருக்குத் தெரியும்? நான் கண்ண மூடிட்டுல்ல இருப்பேன்."

"கண்ண மூடிட்டு!" நீதிபதி தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கரையோரத்தில் பேர் கொடுத்திருந்த இருவரும் உடனே விளிம்புக்கு மாற்றிக்கொண்டார்கள். "சார் கூட இருக்கும்போது என்ன பயம்?" அவர்களைப் பார்த்து ஒரு பல் டாக்டர், அவரைப் பார்த்து புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று. இத்தனை பேருக்குமா இந்த வியாதி என்று மில்காரர் வியந்துபோனார். பாவம், அந்தப் புதுப்பெண்ணுக்கு இந்த வயசிலேயே!

மறுநாள் துறைமுகத்தில் டீச்சர் கப்பல் வாசல் வரைக்கும் வந்தார்.

"அவங்க சொல்றபடி கேளுங்க. நான் ரூமைச் சாத்திட்டு நிம்மதியா ஒரு தூக்கம் போடறேன். கப்பல் ஏறினதுலேர்ந்து பொட்டுத் தூக்கமில்ல."

படகு கிளம்பியது. வழிகாட்டி வாட்டசாட்டமான மனிதர். எல்லாருக்கும் மிதவைச் சட்டை கொடுத்தவர், மில்காரரிடம் வந்ததும் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்.

"எனக்கும் ஒண்ணு குடுப்பா."

"உங்களுக்கெதுக்கு சார்?"

"குடு சொல்றேன்."

வழிகாட்டி கூட்டத்தைப் பார்த்து, "இவ்வளவு பெரிய ஆளே போடறாரு, நல்லாப் பாத்துக்கங்க!" என்றார். எல்லாரும் தங்கள் பட்டைகளை மூச்சு முட்ட இறுக்கிக்கொண்டார்கள்.

"டாக்டர் எங்க இருக்கார்?" என்று மில்காரர் மெதுவாகக் கேட்டார்.

பல் டாக்டர் கையைத் தூக்கினார். பல் டாக்டரா குறட்டைக்கு என்று மில்காரர் கேட்பதற்குள், கண்ணாடியை முகத்தில் மாட்டி, குழாயை வாயில் திணித்துவிட்டார் வழிகாட்டி.

"படுங்க சார்."

குழாயை உருவினார் மில்காரர். "எங்க?"

"தண்ணியிலதான்! எல்லாரும் கவனிங்க. சார் எப்படிச் செய்யறாரோ அப்படியே செய்யணும்."

கட்டிலை நினைத்துக்கொண்டார் மில்காரர். கண்ணை இறுக்கி மூடித் தண்ணீரில் குப்புற விழுந்தார்.

மூழ்கவில்லை. சட்டை தாங்கியது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதும் தானாகத் திறந்துகொண்டது.

அவருக்குக் கீழே ஒரு மலை இருந்தது. மலையில் மஞ்சளும் ஊதாவுமாகப் புதர்கள். புதருக்குப் புதர் காற்றடிப்பதுபோல ஆட்டம், காற்றேது அங்கே? மலை ஓர் இடத்தில் சட்டென்று நின்றுபோனது. அதற்கப்பால் நீலம். இப்படி ஒரு நீலத்தை அவர் துணியில் பார்த்ததில்லை, வானத்தில் பார்த்ததில்லை. அது வெறும் நிறமாக இல்லை. போய்க்கொண்டே இருக்கிற ஓர் இடமாக இருந்தது. அந்த ஆழத்துக்குமேல், ஒன்றையும் பிடிக்காமல், ஒன்றின்மேலும் உட்காராமல், ஒரு மாவு மில்காரர் தொங்கிக்கொண்டிருந்தார். கை காலை ஆட்டவே அவருக்குத் தோன்றவில்லை. கோயிலில் யாராவது கையைக் காலை ஆட்டுவார்களா?

அவர் ஆடாததைப் பார்த்து நீதிபதி ஆடவில்லை. நீதிபதியைப் பார்த்து மற்றவர்களும் மரக்கட்டையாகக் கிடந்தார்கள். ஆளரவமே இல்லையென்று மீன்கள் வெளியே வந்தன. முதலில் பத்து, அப்புறம் ஒரு கல்யாணக் கூட்டம். விரல் நீள நீல மீன் ஒன்று கண்ணாடிக்கு நேரே நின்று, ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தது. விளிம்புக்குக் கீழிருந்து ஒரு சாப்பாட்டு மேஜை எழுந்து வந்தது. ஆமை! அவசரமே இல்லாமல் இவர்களுக்கு நடுவே நீந்தி, மில்காரரை ஒரு சுற்றுச் சுற்றி, அவசரமே இல்லாமல் நீலத்துக்குள் இறங்கிப் போனது.

அப்போதுதான் அவருக்கு அந்தச் சத்தம் கேட்டது.

கொர்ர்ர். ஹூஊஊ. கொர்ர்ர்.

அத்தனை அழகுக்கும் நடுவில் எந்தப் பாவி இது? மூச்சைப் பிடித்தார். சத்தம் நின்றது. விட்டார். கொர்ர்ர் என்றது. குழாய்க்குள் அவருடைய மூச்சேதான்.

இதுவா? இதைத்தானா முப்பது வருஷமாக அவள் கேட்டாள்? இசையிலேயே வாழ்ந்த காதில் இதையா ஊற்றினேன்? இதோடு ஹால் வரைக்கும்தானே துரத்தினாள், தெருவுக்குத் துரத்தவில்லையே! மில்காரர் குழாயைக் கவ்விக்கொண்டே அழுதார். கடலே புக முடியாத கண்ணாடிக்குள் தண்ணீர் கட்டிக்கொண்டது. மீன்கள் எல்லாம் கரைந்து வண்ணமாக ஓடின.

படகில் ஏறியதும் வழிகாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷத்துல, ஆமை தானா வந்து சுத்திட்டுப் போயி நான் பாத்ததில்ல சார். என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணுமில்லப்பா," என்றார் மில்காரர் மூக்கை உறிஞ்சியபடி. "படுத்தேன். தானா வந்தது."

திரும்பும் வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்தார். கட்டில் வேண்டாம். ரூம் வேண்டாம். ஹால்கூட எனக்கு அதிகம், மில்லிலேயே படுத்துக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் இப்படிப் பொறுத்துப்போகிற பெண் யார் இருக்கிறாள்? காலில் விழுந்துவிடலாமா என்றுகூட யோசித்தார். வளைந்த முழங்காலோடு விழுவது சிரமமில்லை, எழுந்திருப்பதுதான் கஷ்டம். பரவாயில்லை, விழுந்தபடியே பேசிவிடலாம்.

ஈரத்தலையும் தோளில் துண்டுமாகத் தங்கள் தளத்து நடைவழியில் வந்தார். தரை லேசாக அதிர்ந்தது. எங்கோ எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. கரையில் கட்டிப்போட்ட பிறகும் இப்படி உறுமுகிறதே, என்ன பலம், என்ன கப்பல் என்று அந்த நேரத்திலும் அவருக்குப் பிரமிப்பாக இருந்தது.

அவர்கள் அறை வாசலில் நடுத்தர வயதுப் பணியாளர், கதவைத் தட்டத் தூக்கிய கையோடு தயங்கி நின்றார். "மன்னிக்கணும் சார். பக்கத்து ரூம்காரங்க மறுபடியும் கூப்பிட்டாங்க, உங்கள எழுப்பிவிடச் சொல்லி…"

பேச்சு பாதியில் நின்றது. பணியாளர் மில்காரரின் ஈரத்தலையைப் பார்த்தார். மூடிய கதவைப் பார்த்தார். மறுபடியும் மில்காரரைப் பார்த்தார்.

"சார், நீங்க இங்க நிக்கறீங்கன்னா, காலையிலேர்ந்து உள்ள குறட்டை விடறது யாரு?"