அம்புக்குறியும் முப்பது வெள்ளைச் சட்டைகளும்

நூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகளில் புகை பிடிக்கும் இயந்திரம் மாட்டியிருக்கிறேன். அவற்றில் முதலாவதைப் பற்றி மட்டும் இதுவரை எந்த இன்டர்வியூவிலும் வாயைத் திறந்ததில்லை. யாராவது கேட்டால், "சரியா ஞாபகம் இல்லைங்க" என்று சொல்லிவிடுவேன். சுத்தப் பொய். அன்று ஒவ்வொருவர் முகமும் எப்படி இருந்தது என்பது வரை ஞாபகம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டிப்ளமோ முடித்த கையோடு கோயமுத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். ஆறு மாதம் பார்ப்பார்கள், பிடித்திருந்தால்தான் வேலை நிரந்தரம். (அப்பா அதற்குள் ஊர் முழுக்க "எம்பொண்ணு இன்ஜினியருங்க" என்று சொல்லி முடித்திருந்தார்.) நாங்கள் செய்தது 'எலக்ட்ரானிக் ஏர் கிளீனர்'. பார்க்க ஒரு பெரிய தகரப் பெட்டி. உள்ளே முதலில் மெல்லிய கம்பிகள், அவற்றில் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம். புகை அவற்றைத் தாண்டும்போது அதிலுள்ள தூசுக்கு மின்சாரம் ஏறிவிடும். அடுத்து வரிசையாக அலுமினியத் தகடுகள். மின்சாரம் ஏறிய தூசு அந்தத் தகடுகளில் போய் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் இருக்கும் ஃபேன் சுத்தமான காற்றை வெளியே தள்ளும். முதலில் கம்பி, பிறகு தகடு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சரியாகச் சொல்வேன். விழித்திருக்கும்போதுதான் தகராறு.

துரைசாமி என்பவருக்குக் கணபதி ஏரியாவில் ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் பட்டறை இருந்தது. ஒரு பக்கம் வெல்டிங், மறு பக்கம் வெள்ளை பெயின்ட் அடித்துக் காய்ந்த கட்டில்கள். வெல்டிங் புகை படிந்து கட்டில்கள் அழுக்காகிவிட்டன என்று ஒரு ஆஸ்பத்திரி ஒரு லோடையே திருப்பி அனுப்பியிருந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அந்த ஆஸ்பத்திரியின் மேட்ரன் மறுபடியும் பார்க்க வருகிறார். இந்த முறையும் வேண்டாம் என்றால் ஆர்டர் கைவிட்டுப் போகும். அதற்குள் எங்கள் இயந்திரம் ஓட வேண்டும். அந்த வாரம் பார்த்து எங்கள் மேனேஜர் சந்திரன் சாருக்கு அம்மை போட்டுவிட்டது.

"எஸ்தர், நீயே போய் மாட்டிடு. சிம்பிள்தான்" என்றார் போனில்.

நான் தனியாக! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. புது ஸ்பேனர் செட்டோடு டவுன் பஸ்ஸில் ஏறியபோது, கண்டக்டரிடம்கூட எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்று சொன்னேன். அவர் சில்லறை மட்டும் கேட்டார்.

எனக்குத் துணை பட்டறையின் மூத்த வெல்டர் ஹனீபா அண்ணன். செயின் போட்டுப் பெட்டியைக் கூரைக்கு ஏற்றி, போல்ட் முடுக்கி, ஒயர் இழுத்து, வெள்ளிக்கிழமை காலையில் கடைசி வேலைக்கு வந்தோம். கம்பியும் தகடும் சேர்ந்த பகுதியைப் பெட்டிக்குள் தள்ள வேண்டும். அதன் மேல் சிவப்பில் ஒரு அம்புக்குறி.

"ஏனுங்க அம்மிணி, அம்பு ஃபேன் பக்கமல்லங்க பாக்கோணும்? எதுத்தாப்பல வெக்கறீங்களே?"

"இல்லைங்கண்ணா. புகை எந்தப் பக்கம் இருந்து வருதோ அதைத்தான் அம்பு காட்டும்."

"பஸ்ஸுல போற ஊரைத்தானுங்க போர்டு போடுவாங்க? வந்த ஊரை யாருங்க போடறாங்க?"

"இது வேற டெக்னாலஜிங்கண்ணா" என்றேன். (அந்த வயதில் பதில் தெரியாத எல்லாக் கேள்விக்கும் என்னிடம் இருந்த பதில் அதுதான்.) அவர் நான் சொன்னபடியே தள்ளி மாட்டினார்.

பதினொரு மணிக்குத் திறப்பு விழா. துரைசாமி உடுமலைப்பேட்டை மச்சான் தொடங்கி சொந்தபந்தம் என்று முப்பது ஒறம்பரைகளை அழைத்திருந்தார். அத்தனை பேரும் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தேங்காய் உடைத்து, எலுமிச்சை நசுக்கி, துரைசாமி சுவிட்சைப் போட்டார். தடுப்புக்குப் பின்னால் ஹனீபா அண்ணனும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வெல்டிங் வைத்தார்கள். குபுகுபுவென்று புகை எழும்பியது. பெட்டி அதை உள்ளே இழுத்தது. ஃபேனிலிருந்து வந்த காற்று கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது!

"புகையவே காணமுங்க!" என்று துரைசாமி கூவினார். கைதட்டல். சாமி படத்துக்கு வாங்கிய மாலை என் கழுத்துக்கு வந்தது. "எங்கீங்க அம்மிணி போச்சு அத்தனை புகையும்?" என்று மச்சான் கேட்டார்.

"எல்லாம் தகட்டுல ஒட்டியிருக்குமுங்க!" என்று ஆரம்பித்து, முக்கால் மணி நேரம் பேசினேன். மின்சாரம், தூசு, மனித நுரையீரல், நாட்டின் எதிர்காலம் எல்லாம் வந்தன. அவ்வளவு நேரமும் வெல்டிங் நடந்துகொண்டே இருந்தது. ஃபேன் காற்று சுகமாக இருக்கிறது என்று எல்லோரும் அதற்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

துரைசாமி முகம் துடைக்கத் தோளிலிருந்து துண்டை எடுத்தார். துண்டு இருந்த இடத்தில் பளீரென்று ஒரு வெள்ளைப் பட்டை. மற்ற இடமெல்லாம் சாம்பல்.

"மாப்பிள்ளை, உங்க சட்டை..." என்றார் உடுமலைக்காரர்.

"உங்களுதுந்தானுங்க மச்சான்."

முப்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலைகீழாக மாட்டியதால் புகை முதலில் தகடுகளைச் சும்மா தாண்டி, பிறகு கம்பியில் மின்சாரத்தை ஏற்றிக்கொண்டு, ஒட்டிக்கொள்ள இடம் தேடி, ஃபேன் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்து வெளியே வந்திருக்கிறது. சுவர், வேட்டி, சட்டை, மாலை எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கிறது. திரும்பிப் பார்த்தேன். இருபது வெள்ளைக் கட்டில்களும் யானை நிறத்தில் நின்றன. மணி ஒன்று.

எதிரிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிச் சந்திரன் சாருக்குப் போன் போட்டேன்.

"சார், அந்த அம்புக்குறி எந்தப் பக்கம் பாக்கணும்?"

"காத்து போற பக்கம். ஏன்?"

"சும்மாதான் சார். நீங்க ரெஸ்ட் எடுங்க."

திரும்பி வந்து மாலையைக் கழற்றிவிட்டு, "ஐயா, தப்பு என்னுதுங்க. ஹனீபா அண்ணன் சொல்லச் சொல்லக் கேக்காம எதுத்தாப்பல மாட்டிப்போட்டேன்" என்றேன். துரைசாமி என்னைப் பார்த்தார், கட்டில்களைப் பார்த்தார். பிறகு, "அம்மிணி, உங்களைக் கொன்னுபோடலாம்னு வருதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். (எங்கள் ஊரில் கொலைக்கும் மரியாதை உண்டு.)

ஹனீபா அண்ணன் என்னிடம், "அழுகாதீங்க. ஸ்பேனரை எடுங்க" என்றார். சுவிட்சை அணைத்து, தகடுகளில் மிச்சமிருந்த மின்சாரத்தை வெளியேற்றப் பிடி போட்ட கம்பியால் தொட்டேன். 'பட்'டென்று வெடித்த சத்தத்தில் மச்சான் கட்டில் மேல் ஏறிவிட்டார். பிடுங்கித் திருப்பி மாட்டினோம். கீழே துரைசாமி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சட்டைதான் போச்சு, கட்டிலையாச்சும் காப்பாத்தலாம் வாங்க! மணி ஆச்சு, வெசையாங்க!"

சோப்புத் தண்ணீர் வந்தது. முப்பது பேரும் துண்டை நனைத்துத் தேய்த்தார்கள். கரி ஒட்டி மட்டும்தான் இருந்தது, பெயின்டில் ஊறவில்லை. மூன்று அடிக்கும்போது கடைசிக் கட்டிலின் கடைசிக் காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மேட்ரன் வந்தார். பளபளக்கும் இருபது கட்டில்கள். அவற்றின் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் முப்பது பெரிய மனிதர்கள், கை கட்டி. வெல்டிங் வைக்கச் சொன்னார். இயந்திரம் ஓடியது. அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு கட்டிலை அழுத்தித் துடைத்தார். என் உயிர் அந்தக் கைக்குட்டையில் இருந்தது. கறையே இல்லை.

"கட்டில் ஓகே. ஆளுங்களைத்தான் கொஞ்சம் கழுவோணும்" என்றார்.

துரைசாமி விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் என் வேலை பிழைத்தது. அடுத்த மாதம் இரண்டாவது இயந்திரத்துக்கும் ஆர்டர் கொடுத்தார். எதிர்பார்த்தபடியே நிபந்தனை ஒன்று: மாட்டும்போது ஹனீபா சொல்வதுதான் சட்டம்.

இரண்டு வருடம் கழித்து என் கல்யாணத்துக்கு வந்தார். வாழ்நாளில் வெள்ளையைத் தவிர வேறு உடுத்தாத மனிதர், மே மாத வெயிலில், கரிக்கலரில் சஃபாரி சூட் போட்டிருந்தார். "எதுக்கும் ஒரு முன்ஜாக்கிரதைங்க அம்மிணி" என்றார். என் வீட்டுக்காரருக்குக் கதை அன்று மேடையிலேயே தெரிந்துவிட்டது. அவர் பிள்ளைகளுக்குச் சொன்னார். இன்று வரை எங்கள் வீட்டில் யாராவது புது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினால், செருப்பு மாட்டும் முன் ஒரு கேள்வி வரும்:

"போற எடத்துல அம்மா ஏதாச்சும் மாட்டியிருக்காங்களா?"