மெத்தை சார் கோவளம் போன கதை

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரு பக்கமும் மெத்தை சார் படுத்துப் பார்க்காத கட்டில் கிடையாது. கல்யாண வீடோ, நர்சிங் ஹோமோ, ஊரப்பாக்கத்தில் புதிதாகக் குடிவந்தவர் வீடோ, எங்கே போனாலும் முதலில் உள்ளங்கையால் மெத்தையை ஓர் அழுத்து அழுத்துவார். பிறகு, "ஒரு நிமிஷம், தப்பா நினைச்சுக்காதீங்க" என்று செருப்பைக் கழற்றிவிட்டு மல்லாந்துவிடுவார். சிட்லபாக்கத்தில் ஒரு நண்பருக்குப் பெண் பார்க்கத் துணைக்குப் போனவர், பெண் காபியோடு வருவதற்குள் உள்ளறைக் கட்டிலில் படுத்துப் பார்த்துவிட்டு, "சம்பந்தம் ஓகே. மெத்தை மட்டும் மாத்தணும்" என்று தீர்ப்பு சொன்னதாகக் கேள்வி.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன மெத்தைக் கம்பெனியில் அவர் விற்பனைப் பிரதிநிதி. எண்பதுகளின் கடைசியில் நான் அவருக்கு உதவியாளனாகச் சேர்ந்தேன். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

அந்த வருஷம் மெத்தைக்கு முன்னால் வியாபாரம் படுத்துவிட்டது. கேரளத்துக் கோவளத்தில் ஒரு லாட்ஜ்காரம்மா எல்லா அறைகளுக்கும் புது மெத்தை போடப்போவதாகத் தகவல் வந்ததும், முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "இது கிடைக்கலைன்னா தையல்ல ரெண்டு பேரை நிறுத்திடுவேன்" என்றார். தையலில் இருந்ததே இரண்டு அக்காக்கள்தான். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர்கள் முகத்தைப் பார்க்காமல் நாங்கள் வெளியே வந்தோம்.

மெத்தை சாருக்கு ஒரு சந்தேகம். "கோவளம் நம்ம கேளம்பாக்கம் பக்கத்துலயே கீது. அதுக்கு இன்னாத்துக்கு ரயிலு?"

"இது வேற கோவளம் சார்."

"கடல் கீதா?"

"இருக்கு சார்."

"அப்புறம் இன்னா வேற?"

திருநெல்வேலி வரை ரயில், அதற்கப்பால் பஸ். சுருட்டிக் கட்டிய சாம்பிள் மெத்தையை இருவரும் மாற்றி மாற்றித் தூக்கினோம். சீசன் நேரம். கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். மெத்தை சார் கடலைப் பார்த்தது மொத்தம் ஒரு விநாடி.

"உப்புக் காத்து. இங்க ஸ்பிரிங் மெத்தை போட்டா துருப்புடிச்சிடும்" என்றார்.

அவர் கண்ணை இழுத்தது வேறொன்று. வரிசையாக மணலில் படுத்துக் கிடந்த வெள்ளைக்காரர்கள். "இவ்ளோ தூரம் பிளேன்ல வந்து வெறும் தரைல படுத்துக்கினு கீறாங்களே, ரூம்ல கட்டில் இல்லியா?" என்று என்னைக் கேட்டார். அவரே மணலை உள்ளங்கையால் அழுத்தினார். செருப்பைக் கழற்றினார். முழுக்கைச் சட்டையோடு இரண்டு வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் மல்லாந்தார். ஒரு பெண் ஓடிவந்து போட்டோ எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தவர், "இடுப்புக்குப் பரவால்ல. கழுத்துக்கு ஆவாது" என்று சொல்லி, சட்டையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டார்.

லாட்ஜ்காரம்மா நாகர்கோவில்காரர். ஆபீஸ் அறையிலேயே சாவிப் பலகை, டெலிபோன், சீசன் கூட்டம் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் சமாளித்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கரி பூசினாற்போல் கருவளையம்.

"உங்களுக்கு முன்னால வந்தவங்க எல்லாரும் அவங்க மெத்தைதான் ஒசத்தின்னு சொல்லிட்டுப் போயாச்சு. நீங்களும் அதையேதான் சொல்லப் போறீங்க" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. நீங்களே படுத்துப் பாருங்க."

அந்தம்மா திகைத்தார். "ஆம்பளைங்க முன்னாலயா?"

"நாங்க செவுத்தப் பாத்துக்கினு நிக்கறோம்" என்று மெத்தை சார் சாம்பிள் மெத்தையைப் பெஞ்சுமேல் விரித்து, என் தோளைப் பிடித்துத் திருப்பினார். தானும் திரும்பிக்கொண்டார். எங்கள் மூக்குக்கு நேரே ஒரு காலண்டர். பின்னால் வளையல் சத்தம். பெஞ்சு ஒருமுறை முனகியது. அப்புறம் ஒன்றுமில்லை.

"சார், என்ன ஆச்சு?" என்று கிசுகிசுத்தேன்.

மெல்லிய குறட்டை கேட்டது.

ஒரு வெள்ளைக்காரர் சாவி கேட்டு உள்ளே நுழைந்தார். மெத்தை சார் உதட்டில் விரலை வைத்து, பூனைபோல் நடந்து பலகையிலிருந்த சாவிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். வெள்ளைக்காரர் தலையாட்டிய சாவியை எடுத்துக் கொடுத்தார். அடுத்தவருக்கு வெந்நீர் வேண்டும். என்னைச் சமையல்கட்டுக்கு ஓட்டினார். நான் திரும்பி வந்தபோது டெலிபோன்மேல் இரண்டு தலையணை. வாசலில் மெத்தை சார், காவல் தெய்வம் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பால்காரர், துணி வெளுக்கிறவர், கோபமாக வந்த ஒரு குடும்பம், எல்லாருக்கும் அதே விரல், அதே உதடு.

வெளியே வெயில் சாயத் தொடங்கியபோதுதான் அந்தம்மா பதறி எழுந்தார். நாங்கள் அவசரமாகச் சுவருக்குத் திரும்பினோம். அவர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, காலியாகிவிட்ட சாவிப் பலகையையும் தலையணைக்கடியில் இருந்த டெலிபோனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சீசன் தொடங்கினதுல இருந்து எனக்கு உறக்கமே கிடையாது, கேட்டீங்களா" என்றார், குற்றம் செய்தவர் போல.

"தெரியும்மா" என்றார் மெத்தை சார்.

எல்லா அறைகளுக்கும் ஆர்டர் கிடைத்தது. அந்த சாம்பிள் மெத்தையைத் திரும்பத் தர அந்தம்மா மறுத்துவிட்டார். அக்காக்கள் தப்பித்தார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

"சார், ஆர்டருக்காக எப்படி நின்னீங்க" என்றேன் பஸ்ஸில்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "ஆர்டரா? ஒரு மனுஷி தூங்கினா எழுப்பலாமாப்பா?"

திருநெல்வேலியில் எங்களுக்கு பெர்த் கிடைக்கவில்லை. உட்கார்ந்தபடியே வந்தோம். வழியில் எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியாது. விழித்தபோது என் தலை அவர் தோளில் இருந்தது, நன்றாக விடிந்திருந்தது, ரயில் எழும்பூருக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

"சார், தாம்பரம் எப்பவோ போயிடுச்சே. ஏன் எழுப்பல?"

அவர் மரத்துப்போன தோளைத் தேய்த்துக்கொண்டார். நான் இறங்கி, அவர் பையையும் வாங்கி மாட்டிக்கொண்டு, தாம்பரம் மின்சார ரயிலில் அவருக்கு ஒரு ஜன்னலோர இடம் பிடிக்க ஓடினேன்.